பிச்சாவரம் துடுப்புப் படகு: நாலரை ஸ்டார், மீதி அரை ஸ்டார் நாங்க போன வேன்ல போச்சு

நான் ரிவ்யூ எழுதுற ஆளே இல்ல, மிக்ஸி வாங்கினப்போ எழுதல, அது ஆறே மாசத்துல புகைஞ்சப்போ கூட எழுதல. ஆனா பொங்கல் லீவுக்கு பிச்சாவரம் (சிதம்பரம் பக்கத்துல கடலோரமா உப்புத் தண்ணில வளர்ற மாங்குரோவ் காடு, படகுல சுத்திப் பாக்கலாம்) போயிட்டு வந்து ஸ்டேட்டஸ்ல ரெண்டு போட்டோ போட்டதுல இருந்து ஆபீஸ்ல ஆளாளுக்கு கேக்குறாங்க, எப்படி இருக்கு, குழந்தைங்களுக்கு பிடிக்குமா, ரெண்டு மணி நேரத்துல முடிச்சிட்டு பாண்டி போயிடலாமா, அங்க அப்படி என்னதான் இருக்குன்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிடுச்சு, அதான் இங்க ஒரேடியா கொட்டிடுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமை இல்லாதவங்க கடைசிக்கு போயிடுங்க, டிப்ஸ் அங்க இருக்கு.

அந்த "என்ன இருக்கு" கேள்விய மொதல்ல கேட்டவனே நான்தான். போன ஆகஸ்ட்ல ஆபீஸ் டீமோட ஒரு நாள் பேக்கேஜ்ல போனோம், பேரு போடல, போட்டா அதுவும் ஒரு விளம்பரம் ஆயிடும். காலைல அஞ்சு மணிக்கு எடுக்குறேன்னு சொன்ன வேன் ஏழரைக்கு வேளச்சேரி வந்துச்சு, திண்டிவனத்துல அவருக்கு கமிஷன் வர்ற ஓட்டல்ல முக்கா மணி நேரம், சிதம்பரம் கோயில் நட சாத்துறதுக்குள்ள ஒரு ஓட்டம், கடைசில நாங்க பிச்சாவரம் போய் நின்னப்போ மணி ஒண்ணு. உச்சி வெயில். மோட்டார் போட்ல ஏறினோம், எங்க ஆளு ஒருத்தன் புளூடூத் ஸ்பீக்கர எடுத்து வச்சுக்கிட்டான், பெரிய கால்வாய்ல ஒரு ரவுண்டு, ரெண்டு பக்கமும் பச்சையா மரம், திரும்பி வந்தாச்சு. கீழ எறங்கினதும் நான் சொன்ன வார்த்த, "ஒண்ணுமே இல்லடா, தண்ணி, மரம், தண்ணி, மரம்." வேன்காரர் அதுக்குள்ள ஹார்ன் அடிக்க ஆரம்பிச்சிட்டாரு. அரை ஸ்டார் போனது அங்கதான், படகு விடுறவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இந்த கத எப்படியோ எங்க பெரியப்பா காதுக்கு போயிடுச்சு. அவரு கிள்ளைல இருக்காரு, பிச்சாவரத்துக்கு ரெண்டு எட்டு. வீட்டுப் பக்கம் வந்துட்டு எட்டிக்கூட பாக்காம போனது ஒரு கோவம், "ஒண்ணுமே இல்ல"ன்னு சொன்னது பெரிய கோவம். பொங்கலுக்கு போன் பண்ணி, "டேய், பொண்டாட்டி புள்ளைய கூட்டிக்கிட்டு வா, என்ன இருக்குன்னு நான் காட்டுறேன்"ன்னாரு. மரியாதையா போனோம்.

இப்ப ரிவ்யூவுக்கு வர்றேன். சிதம்பரத்துல இருந்து கிள்ளை வழியா ஒரு பதினஞ்சு கிலோமீட்டர், பஸ் இருக்கு, ஆட்டோவும் வரும். படகு குழாம் நடத்துறது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். மோட்டார் போட்டும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு, ரேட்டு அப்பப்போ மாறுது, கவுன்டர்ல போர்டு மாட்டியிருக்காங்க, அத பாத்துக்கோங்க. துடுப்புப் படகுதான் எடுக்கணும். இத நான் அடிச்சு சொல்றேன். மோட்டார் போட்டு பெரிய வாய்க்கால்லதான் போகும், குறுகலான சந்துக்குள்ள நுழையுறது துடுப்பு மட்டும்தான், பிச்சாவரமே அந்த சந்துக்குள்ளதான் இருக்கு, வெளிய இருந்து பாத்துட்டு வர்றது கல்யாண வீட்டுக்கு போயி பந்தல பாத்துட்டு திரும்பின மாதிரி.

நாங்க காலைல எட்டரைக்கெல்லாம் தண்ணில. லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் கட்டாயம், எங்க பாப்பாவுக்கு சின்ன சைஸ் தேடி எடுத்துக் கொடுத்தாங்க. துடுப்பு போட்ட அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும், பெரியப்பாவ பாத்ததும் "என்ன மாமா, ஊரு பக்கம்"ன்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் சொந்த பந்தம் விசாரிப்பு. பெரிய வாய்க்கால்ல இருந்து ஒரு சந்துக்குள்ள திரும்பினாரு பாருங்க, சத்தம் டக்குன்னு நின்னு போச்சு. காத்து இல்ல. மேல ரெண்டு பக்கத்து மரமும் கை கோத்துக்கிட்டு நிக்குது, வெயில் சல்லடைல வடிகட்டின மாதிரி விழுது, துடுப்புல இருந்து சொட்டுற தண்ணி சத்தம் கூட கேக்குது. எங்க வீட்ல ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவி, ரோட்டு ஹார்ன் எதுவுமே இல்லாத நிமிஷம்னு ஒண்ணு கிடையாது, அதனால அந்த அமைதி மொதல்ல எனக்கு ஒரு மாதிரி பயமாதான் இருந்துச்சு, பாப்பா கூட குரல எறக்கி பேச ஆரம்பிச்சிட்டா.

மரத்துக்கு வேர் மண்ணுக்குள்ள இருக்கும்னுதானே நமக்கு தெரியும், இங்க எல்லாம் வெளிய இருக்கு. சுரபுன்னைன்னு ஒரு மரம், அதுக்கு வேர் நடு மரத்துல இருந்து வளைஞ்சு வளைஞ்சு தண்ணிக்குள்ள எறங்குது, முட்டு குடுத்து நிறுத்தின மாதிரி. வெண்கண்டல்னு இன்னொரு மரம், அதுக்கு அப்படி இல்ல, மரத்த சுத்தி சேத்துல இருந்து விரல் விரலா மேல நீட்டிக்கிட்டு நிக்குது, ஆயிரக்கணக்குல, சேத்துக்குள்ள காத்து கிடையாதாம், அதனால மூச்சு விட வேர வெளிய நீட்டி வச்சிருக்கு. அண்ணன் ஒரு வெண்கண்டல் கிளைய புடிச்சு படக நிறுத்தி, இலைய கிள்ளாம அப்படியே திருப்பி காட்டி, "தொட்டு நாக்குல வச்சு பாரு பாப்பா"ன்னாரு. இலை மேல பொடிப்பொடியா உப்பு. மரம் உப்புத் தண்ணிய குடிச்சிட்டு வேண்டாத உப்ப இலை வழியா வெளிய தள்ளிடுது. பாப்பா தொட்டு நக்கிட்டு "அப்பா, லேஸ் மாதிரி இருக்கு"ன்னா. இதுக்குத்தான் ஸ்கூலுக்கு அவ்ளோ பீஸ் கட்டுறோம்.

சேத்து ஓரமா ஒரு நண்டு, ஒரு கை மட்டும் உடம்பு அளவுக்கு பெருசு, இன்னொரு கை குட்டியா, அந்த பெரிய கைய மேல தூக்கி தூக்கி ஆட்டுது, யாரையோ "வா வா"ன்னு கூப்புடுற மாதிரி. பொட்டை நண்ட கூப்புடுதாம். அதுக்கு பக்கத்துலயே ஒரு மீனு, கண்ணு ரெண்டும் தலைக்கு மேல துருத்திக்கிட்டு, தண்ணிய விட்டு சேத்துல ஏறி வேர் மேல உக்காந்திருக்கு, நாங்க கிட்ட போனதும் துள்ளி துள்ளி ஓடுது. மீனு ஓடுறத நான் இப்பதான் பாக்குறேன். இது எல்லாமே ஆகஸ்ட்லயும் அங்கதான் இருந்திருக்கும், நாங்கதான் ஸ்பீக்கர் வச்சுக்கிட்டு கடந்து போயிருக்கோம்.

சுரபுன்னை மரத்துல முருங்கைக்கா மாதிரி நீளமா பச்சையா தொங்குது, காய்னு நெனச்சேன், காய் இல்ல, கன்னு. விதை மரத்துல இருக்கும்போதே மொளைச்சு, நீளமா வளந்து, தயாரான அப்புறம் கீழ விழுது, சேறு மெத்துன்னு இருந்தா நேரா குத்திக்கிட்டு அங்கயே நிக்கும், தண்ணி இருந்தா மிதந்து போயி எங்க கரை தட்டுதோ அங்க வேர் விடும். இந்த சுரபுன்னைலயே ரெண்டு ரகம் கலந்து உண்டான ஒரு மரம் இங்க பிச்சாவரத்துலதான் மொதல்ல கண்டுபிடிச்சாங்க, 1995-ல, கண்டுபிடிச்சது அண்ணாமலை யுனிவர்சிட்டிக்காரங்க, அதனால அதோட அறிவியல் பேரே ரைசோஃபோரா அண்ணாமலயானா. நம்ம ஊரு யுனிவர்சிட்டி பேர்ல ஒரு மரம் இருக்குன்னு சிதம்பரத்துல படிச்ச என் மச்சானுக்கே தெரியல, இன்ஜினியரிங் பையன் வேற.

இன்னும் கொஞ்சம் உள்ள போனதும் பெரியப்பா ஒரு மரத்த காட்டி, "கைய நீட்டாத, அதோட பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிடும்"ன்னாரு. சாதாரணமாதான் இருந்துச்சு மரம், அங்கங்க சில இலை மட்டும் செவப்பா, உதிரப் போற இலையாம். "இதுதாண்டா தில்லை"ன்னாரு. சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேரு வந்ததே இந்த மரத்தாலதான், நடராஜர் கோயிலோட தல விருட்சம் இது. ஒரு காலத்துல கோயிலே இந்த காட்டுக்குள்ளதான் இருந்துச்சுன்னு சொல்றாங்க. இப்ப கோயில சுத்தி வளையல் கடை, லாட்ஜ், பார்க்கிங் எல்லாம் இருக்கு, தில்லை மரம் பாக்கணும்னா இங்கதான் வரணும். தில்லை அம்பலம், தில்லைக் காளி, தில்லை தீட்சிதர்னு வாய் நிறைய சொல்றோம், எங்க வீட்லயே ஒரு தில்லைநாயகி இருக்காங்க, அந்த மரத்த நான் முப்பத்தெட்டு வயசுல இப்பதான் மொத தடவ பாக்குறேன். இத நெனைச்சா கொஞ்சம் கேவலமா இருந்துச்சு.

ஒரு விஷயம், இத எழுதலனா எனக்கு தூக்கம் வராது. "உலகத்துலயே ரெண்டாவது பெரிய மாங்குரோவ் காடு பிச்சாவரம்"னு வாட்ஸ்அப்ல, ரீல்ஸ்ல, டிராவல்ஸ்காரங்க நோட்டீஸ்ல எங்க பாத்தாலும் போட்டிருக்காங்க. பொய். சுந்தரவனம்தான் உலகத்துலயே பெருசு, சரி, ஆனா ரெண்டாவது இது இல்ல, இந்தியாவுக்குள்ளயே ஒடிசால பித்தர்கனிகா, குஜராத் கரை எல்லாம் இத விட எவ்ளோ பெருசு, அவ்ளோ ஏன், நம்ம முத்துப்பேட்டையே இத விட பெருசு. பிச்சாவரம் ஆயிரம் ஹெக்டேருக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். பெருசா இருந்தாதான் மதிப்புன்னு யாரு சொன்னது? வெள்ளாறும் கொள்ளிடமும் கடல்ல சேர்ற எடத்துக்கு நடுவுல இத்துனூண்டு காடு இவ்ளோ வேல பாக்குதுன்னு சொல்லுங்க, அது போதும். 2022-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல, சேத்தாங்க, அது உண்மை, அத சொல்லுங்க.

வேலைன்னு சொன்னேன்ல, அதுக்கு வர்றேன். நாங்க போயிக்கிட்டே இருக்கும்போது ஒரு எடத்துல மரம் எல்லாம் ஒரே உயரத்துல, வரிசை மாதிரி நிக்குது, அதுக்கு நடுவுல நேர் கோடா வாய்க்கால். அண்ணன் சொன்னாரு, "இது கையால வெட்டின வாய்க்கால் சார்." இதுக்கு பின்னாடி ஒரு பெரிய கத இருக்கு, ஊருக்கு வந்து தேடித் தேடி படிச்சேன். வெள்ளைக்காரன் காலத்துல இருந்து 1970-கள் வரைக்கும் இந்த காட்ட கூப்பு கூப்பா, அதாவது வெட்டுறதுக்குன்னு துண்டு துண்டா பிரிச்சு, முறை வச்சு மொத்தமா வெட்டி விறகுக்கும் மரத்துக்கும் வித்திருக்காங்க, வெட்டின எடம் தானா வளந்துடும்னு நெனப்பு. வளரல. ஏன்னா மரம் போனதும் வெயில் நேரா சேத்துல அடிச்சு, மண்ணு காஞ்சு அமுங்கி தட்டு மாதிரி பள்ளமாயிடுச்சு, ஏறி வர்ற கடல் தண்ணி அந்த பள்ளத்துல தேங்கி, திரும்பிப் போக வழி இல்லாம ஆவியாகி ஆவியாகி உப்பு கூடிக்கிட்டே போச்சு, உப்புலயே வளர்ற மரத்தாலயே தாங்க முடியாத அளவுக்கு உப்பு. அப்புறம் பழி யாரு மேல விழுந்துச்சு தெரியுமா, மாடு மேய்க்கிறவங்க மேல, சுள்ளி பொறுக்குறவங்க மேல.

90-கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து வேலைய ஆரம்பிச்சப்போதான் கோளாறு தண்ணி ஓட்டத்துலன்னு புரிஞ்சுது. நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன சின்ன வாய்க்கால், மேல இருந்து பாத்தா மீன் முள்ளு மாதிரி இருக்கும், அப்படி வெட்டி கடல் தண்ணி உள்ள வந்துட்டு வெளிய போக வழி பண்ணி விட்டாங்க, உப்பு எறங்குச்சு, கன்னு நட்டாங்க, புடிச்சுக்கிச்சு. பெரியப்பா தெருவுல இருந்தே ஆளுங்க கூலிக்கு போயி மம்பட்டியால வெட்டியிருக்காங்க. வெட்டிட்டு விட்டாலும் ஆகாது, வாய்க்கால்ல சேறு அடைச்சுக்கும், அப்பப்போ தூரு வாரணும். நம்ம வீட்டு வாசல் சாக்கடைய தூர் வாரச் சொல்லி கவுன்சிலர் பின்னாடி எத்தன தடவ அலையுறோம், ஒரு காட்டுக்கு தூர் வாருறவங்க இருக்காங்கன்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது.

வழில கழுத்தளவு தண்ணில ரெண்டு அம்மாங்க. வாயில பனை ஓலக் கூடைய, பறின்னு சொல்றாங்க, பல்லால கடிச்சு புடிச்சிருக்காங்க, ரெண்டு கையும் தண்ணிக்கு அடில சேத்த துழாவுது, தொட்டதும் புடிச்சு பறிக்குள்ள போடுறாங்க, இறால். வலை கிடையாது, தூண்டி கிடையாது. இருளர் ஜனங்க, தலமுறையா கைதான் அவங்களுக்கு வலை. என் பொண்டாட்டி போன எடுத்தா, பெரியப்பா "வேணாம்மா, அவங்க வேலைல இருக்காங்க"ன்னாரு, உள்ள வச்சுட்டா. நல்லவேளை. சுத்தி வந்த இன்னொரு படகுல நாலு பசங்க ஜூம் பண்ணி எடுத்துக்கிட்டு இருந்தானுங்க, அதுல ஒருத்தன் கைல இருந்த சிப்ஸ் கவர் காத்துல பறந்து போச்சு, பறந்து போச்சா பறக்க விட்டானான்னு தெரியல, வேருக்கு நடுவுல போயி சொருகிக்கிச்சு. எங்க படகு அண்ணன் ஒண்ணும் பேசாம படக திருப்பி, குனிஞ்சு எடுத்து காலுக்கு அடில போட்டுக்கிட்டாரு. அவரு காலுக்கு அடில ஏற்கனவே ரெண்டு தண்ணி பாட்டில் கெடந்துச்சு.

இறாலு கடல்ல முட்ட போடுது, பொரிஞ்ச குஞ்சு இந்த உப்பங்கழிக்குள்ள வந்து வேருக்கு நடுவுல ஒளிஞ்சு வளந்து, பெருசானதும் கடலுக்கு திரும்பி போகுது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர்ற மாதிரி இல்ல, புள்ளைய மட்டும் அம்மா வீட்ல வளக்க விடுற மாதிரி. காடு போச்சுன்னா கடல்ல வலை போடுறவனுக்கும் இறால் போச்சு. ஆனா கிள்ளைல இருந்து வரும்போது ரோட்டு ஓரம் பாத்தா கட்டம் கட்டமா இறால் குட்டை, தண்ணிய கடைஞ்சு விட சக்கரம் ஓடிக்கிட்டு இருக்கும். 90-கள்ல இது கரை முழுக்க காட்டுத்தீ மாதிரி பரவினப்போ, வயல் உப்பாகுது, குடிக்கிற தண்ணி கெடுதுன்னு நாகப்பட்டினம் பக்கத்து ஜனங்க தெருவுல எறங்கி, காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 1996 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு, கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள்ள பண்ணை கூடாது, பழைய முறைல பண்றவங்களுக்கு மட்டும் விலக்குன்னு. அப்புறம் தனிச் சட்டம், ஆணையம்னு வந்து கணக்கு மாறிடுச்சு, பண்ணைங்க இன்னும் இருக்கு. நான் யோக்கியன் மாதிரி பேச முடியாது, மாசத்துக்கு ரெண்டு தடவ ஆன்லைன்ல இறால் பிரியாணி ஆர்டர் பண்றவன் நான், அது எந்த குட்டைல வளந்ததுன்னு ஒரு நாளும் கேட்டது இல்ல.

சந்த விட்டு வெளிய வந்தா அகலமா தண்ணி, தூரத்துல மணல் திட்டு, அதுக்கு அந்தப் பக்கம் கடல். பெரியப்பா அது வரைக்கும் பேசிக்கிட்டே வந்தவரு அங்க வந்ததும் அமைதியாயிட்டாரு. அந்த திட்டுல ஊரு இருந்துச்சு, எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால்னு. காட்டுக்கு முன்னாடி, கடலுக்கு நேரா. 2004 டிசம்பர் 26 காலைல சுனாமி அலை மொதல்ல அங்கதான் விழுந்துச்சு. நெறைய பேரு போயிட்டாங்க, மிச்சம் இருந்தவங்கள அப்புறம் உள்ள தள்ளி குடியமர்த்தினாங்க. பெரியப்பா அன்னிக்கு கிள்ளைல வீட்ல பல்லு விளக்கிக்கிட்டு இருந்தாராம். "தண்ணி வந்துச்சுடா, வரலனு சொல்லல. வாய்க்கால்ல பொங்கி தெருவுக்கு ஏறுச்சு, கணுக்கால் அளவு, சுரபுன்னை இலையா மிதந்து வந்துச்சு, ஆனா அடிச்சுக்கிட்டு வரல, நடந்து வந்துச்சு." இந்த "நடந்து வந்துச்சு"ங்குறத அவரு ரெண்டு தடவ சொன்னாரு. நம்ம ஆளுங்க இந்த காட்டுக்கு அலையாத்தின்னு பேரு வச்சது இதுக்குத்தான் போல, சூடான பால ஆத்துற மாதிரி அலைய ஆத்துது.

நான் படிச்சவன் இல்லையா, சும்மா இருப்பேனா, அன்னிக்கு ராத்திரி போன்ல தேடினேன். 2005-ல "சயின்ஸ்"ங்குற ஆராய்ச்சிப் பத்திரிகைல நம்ம கடலூர் மாவட்டத்து கரைய வச்சே ஒரு கட்டுரை வந்திருக்கு, மரம் இருந்த எடத்துக்கு பின்னாடி சேதம் கம்மின்னு. அதே மாதிரி இந்தப் பக்கத்து ஊருங்கள வச்சு வந்த இன்னொரு கட்டுரைக்கு வேற சில ஆராய்ச்சிக்காரங்க மறுப்பு எழுதியிருக்காங்க, அந்த ஊருங்க கடல்ல இருந்து தள்ளி இருந்துச்சு, மேடா இருந்துச்சு, அதுதான் பெரிய காரணம், எல்லா பேரும் காட்டுக்கே குடுக்காதீங்கன்னு. நியாயமாதான் பட்டுச்சு. காலைல காபி குடிக்கும்போது பெரியப்பாகிட்ட இத சொன்னேன். அவரு டம்ளர கீழ வச்சிட்டு, "தள்ளி ஏண்டா இருந்தோம்? நடுவுல காடு இருந்துச்சு, அதனால தள்ளி இருந்தோம்"ன்னாரு. எனக்கு பதில் வரல, அந்த பேராசிரியருங்க இருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியல.

இப்ப நான் ஏன் இவ்ளோ பேசுறேன்னா, நான் இருக்குறது வேளச்சேரில, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு பக்கத்துல. பக்கத்துலன்னு பத்திரத்துல இருக்கு, உண்மைல அதுக்கு மேலதான். பழைய ஆளுங்க அத கழுவெளின்னு சொல்லுவாங்க, மழைத் தண்ணி எல்லாம் வந்து உக்காந்து மெதுவா ஒக்கியம் மடுங்குற வாய்க்கால் வழியா கடலுக்கு போற எடம். அதையும் ஒரு காலத்துல "சும்மா கிடக்குற எடம், அங்க என்ன இருக்கு"ன்னுதான் எல்லாரும் பாத்தாங்க, குப்பைக் கிடங்கு வந்துச்சு, ரோடு வந்துச்சு, ஐடி கம்பெனி வந்துச்சு, அப்புறம் லோன் போட்டு நாங்க வந்தோம். 2015 சென்னை வெள்ளத்தப்போ நாங்க இங்க இல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல இருந்தோம், பார்க்கிங்ல என் பைக் சீட்டு வரைக்கும் தண்ணி, மூணு நாள் கரெண்ட் இல்ல, மாடில நின்னுக்கிட்டு "இந்த தண்ணி ஏன் போகவே மாட்டேங்குது"ன்னு எல்லாரும் கார்ப்பரேஷன திட்டிக்கிட்டு இருந்தோம். தண்ணி எங்க போகும், அது அதோட வீட்டுக்குத்தான் வந்திருக்கு. வேடிக்கை என்னன்னா பிச்சாவரத்த ராம்சார் பட்டியல்ல சேத்த அதே 2022-லதான் பள்ளிக்கரணையையும் சேத்தாங்க, எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கு ஒருத்தர் போட்ட மெசேஜ், "இதனால நம்ம ரீசேல் வேல்யூ ஏறுமா எறங்குமா?" நானும் அதுக்கு பதில் என்ன வருதுன்னு ஆர்வமா பாத்துக்கிட்டுதான் இருந்தேன், மறைக்க விரும்பல.

சாப்பாடு பத்தி கேட்டீங்கல்ல. படகுத் துறைக்கு வர்ற ரோட்ல ஒரு சின்ன கடை, இறால் தொக்கு, நண்டு வறுவல், மதியம் சாப்பாடு. ருசிக்கு அஞ்சுக்கு அஞ்சு, பொய் சொல்லக் கூடாது, அந்த நண்டு வறுவலுக்காகவே திரும்ப போலாம், மிளகு மட்டும் தூக்கலா, மசாலாவ அப்பி கொல்லல. ஆனா கை கழுவ பின்பக்கம் போனேன், வாழை இலை, பிளாஸ்டிக் கப்பு, நண்டு ஓடு எல்லாம் மொத்தமா பின்னாடி வாய்க்கால் ஓரம் கொட்டியிருக்கு. அந்த வாய்க்கால் நேரா எங்க போகுதுன்னு நமக்கு தெரியும். பில்லு குடுக்கும்போது சொன்னேன், "அண்ணே, இறாலு உங்களுக்கு அங்க இருந்துதானே வருது"ன்னு, அவரு "எல்லாரும் கொட்டுறாங்க தம்பி, வண்டி வந்தா போடுவோம், வண்டி வரல"ன்னாரு. வண்டி வராதது அவரு தப்பு மட்டும் இல்லதான். கடை பேரு போடல, ரெண்டு காரணத்துக்காகவும்.

சரி, டிப்ஸ். வெள்ளாட்டு கணக்கா மதியம் போயி வெயில்ல நிக்காதீங்க, காலைல சீக்கிரம் போயிடுங்க, வெயிலும் கம்மி, கூட்டமும் கம்மி, பறவையும் இருக்கும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வெளியூர்ப் பறவைங்க வர்ற காலம், ஆனா மழை நாள்ல படகு ஓடுதான்னு கேட்டுட்டு கெளம்புங்க. தொப்பி, தண்ணி, தண்ணிய வீட்ல இருந்தே எவர்சில்வர் பாட்டில்ல எடுத்துக்கோங்க. சத்தமா பாட்டு போடணும்னா பாண்டி பீச் இருக்கு. குறைஞ்ச நேரப் பயணம் எடுக்காதீங்க, அதிக நேரம் உள்ளதா கேட்டு எடுங்க, மொத அரை மணி நேரம் நம்ம காது பட்டணத்துச் சத்தத்த மறக்குறதுக்கே ஆயிடும். தில்லை இலைய மட்டும் பறிக்காதீங்க, யாரோ செல்ஃபிக்கு கிளைய ஒடிச்சு கண்ணு எரிஞ்சு ஆஸ்பத்திரிக்கு ஓடின கத அண்ணன் சொன்னாரு.

அப்புறம் பெரியப்பா மாதிரி ஒரு ஆளு கூட இருந்தா நல்லது, இல்லனா துடுப்பு போடுற அண்ணன்கிட்ட நீங்களே கேளுங்க, இது என்ன மரம், இந்த வாய்க்கால் யாரு வெட்டினது, சுனாமி அப்போ நீங்க எங்க இருந்தீங்கன்னு. கேட்டா எல்லாம் சொல்லுவாரு. கேக்கலனா, "சார் இங்கதான் ஷூட்டிங் எடுத்தாங்க"ன்னு எடத்த காட்டிட்டு கரைல கொண்டு வந்து விட்டுடுவாரு, பாவம், எல்லாரும் அத மட்டும்தான் கேக்குறாங்களாம்.